கூலண்ட் எங்கே போகிறது? குடும்ப எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பானெட்டைத் திறந்து பார்க்கிறோம். டப்பாவில் கூலண்ட் குறைந்திருக்கிறது. அரை லிட்டர் ஊற்றி மூடுகிறோம். சில வாரங்களில் மறுபடியும் குறைகிறது, மறுபடியும் ஊற்றுகிறோம். குடும்ப வண்டி வைத்திருக்கும் பலர் இந்தச் சுற்றிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போதோ, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதோ டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டு வண்டி நின்றுவிடுகிறது. இழுத்துக்கொண்டு போன பட்டறையில் “ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்” என்கிறார்கள். (இன்ஜினின் அடிப்பகுதிக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்.) அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்ததாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் இரண்டில் எது என்று எந்தக் கைதேர்ந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

ஊற்றுவதற்கும் முன்னால், பிரிப்பதற்கும் முன்னால், கூலண்ட் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கான வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். ஏழு பேர் அமரும் டீசல் வண்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெட்ரோல் வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும். வண்டி வேலை இதுவரை செய்தே பழகாதவர்களும் பாதிச் சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

இது குறையவே கூடாத பொருள்

டீசலைப் போல எரிந்து தீர்வது அல்ல கூலண்ட். எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருட்கள் ஆகியவற்றின் கலவை அது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது; இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது; ஆறியதும் திரும்பப் போகிறது. முழுக்க மூடிய சுற்று. பெரிய வண்டிகளில் ஆறேழு லிட்டர் முதல் பத்து லிட்டர் வரை இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஆண்டு முழுக்க ஓட்டியும் மட்டம் ஒரு விரல்கடை இறங்கினால் கவலைப்பட வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் சுற்றின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது. இன்ஜின் சாதாரணமாகவே 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது ரேடியேட்டர் மூடி. வீட்டு பிரஷர் குக்கரில் விசில் குண்டு செய்யும் வேலையை இங்கே மூடியிலுள்ள ஸ்பிரிங் செய்கிறது. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும், சில வண்டிகளில் 1.4 வரைகூட. எத்தனை பார் அழுத்தம் வரை அடக்கிவைக்கும் என்பதற்கான எண் அது. சரிபாதி கலந்த கூலண்ட், நல்ல மூடி, இரண்டும் இருந்தால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது; மலை ஏறும்போது கொதித்து ஆவியாக வெளியேறும். கீழே இறங்கி ஆறிய பிறகு பார்த்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. காணாமல் போகும் கூலண்டுக்கு மிக மலிவான காரணம் இதுதான், பலரும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான்.

உங்கள் வண்டியில் எந்த வகை அமைப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டர் தலையிலேயே உலோக மூடி இருக்கும், பக்கத்தில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பா இருக்கும். இந்த வகையில் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மூடியின் உள் வால்வோ டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயோ பழுதாகியிருந்தால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். வண்டி முழுவதும் ஆறிய காலையில் ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றொரு வகையில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. டப்பாவுக்குத் திருகு மூடி இருக்கும், டப்பாவே அழுத்தத்தைத் தாங்கும். அதில் டப்பாவின் மட்டமே உண்மையான மட்டம்.

கை வைப்பதற்கு முன்

சூடான இன்ஜினின் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் விலகி, உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுக்கொண்டு திறக்கலாம் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள்: கை தாங்கும் சூடாகி, அழுத்தினால் மெத்தென்று உள்வாங்க வேண்டும். அதன் பிறகே மூடி. மின்விசிறி உள்ள வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும்; அதன் பக்கத்தில் விரலையோ துப்பட்டாவையோ கொண்டுபோகாதீர்கள்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. சிறிதளவே நாயையும் பூனையையும் கொன்றுவிடும், குழந்தைகளுக்கும் பேராபத்து. கூலண்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

முதல் வேலை: அளப்பது

“குறைகிற மாதிரி இருக்கிறது” என்பது போதாது. டப்பாவின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில், இன்றைய மட்டத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவையுங்கள். தினமும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், ஒரே சமதளத்தில் நிறுத்தியபடி பாருங்கள். ஓடி வந்த வண்டியில் சூட்டில் விரிந்த கூலண்ட் மேலே ஏறி நிற்கும், அந்த அளவு பொய்.

ஒரு வாரக் குறிப்பே நிறையச் சொல்லும். நின்ற இடத்திலேயே இரவில் குறைகிறதா? குளிர்ந்த நிலையில் ஒழுகும் கசிவு. பெரும்பாலும் கிளிப், குழாய், பம்ப். ஊருக்குள் ஓட்டினால் குறையாமல், நெடுஞ்சாலையிலோ மலையிலோ போய்வந்தால் மட்டும் குறைகிறதா? அழுத்தத்தில் திறக்கும் கசிவு, அல்லது மூடி, அல்லது வண்டி உண்மையிலேயே அதிகம் சூடாகிறது. போக்குவரத்து நெரிசலில் மட்டும் என்றால் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஏ.சி.யைப் போட்டதும் மின்விசிறி சுழல வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபேன் உள்ள வண்டிகளில், நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் தேய்ந்திருந்தால் சூடேறியும் ஃபேன் வேகமெடுக்காது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. வாயுவை ஆறவைக்கும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பூச்சியும் மண்ணும் அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும், நடு இடுக்கில் மெத்தை மாதிரி படிந்திருக்கும்.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். புதிய வண்டிகள் பலவற்றில் கூலண்ட் சூடு இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது காரியம் ஏற்கெனவே கைமீறியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியிலிருந்து தகவல் எடுப்பதற்காக உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கி செல்போனோடு இணைத்தால் உண்மையான டிகிரி தெரியும். கூலண்ட் பிரச்சினை உள்ள வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

இரண்டாவது: கண்ணால் தேடுவது

இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் ஈரம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நிறமற்றது, வாசனையற்றது, தானே காய்ந்துவிடும். கூலண்ட் வழவழப்பாக இருக்கும், நிறம் இருக்கும், இனிப்பான ஒரு வாசனை வரும், காய்ந்த பிறகும் பிசுக்கு நிற்கும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

அட்டை காய்ந்தே இருந்தால் கசிவு இல்லை என்று அர்த்தமல்ல. டர்போவுக்குப் போகும் சிறு குழாய், ஆயில் கூலர், இன்ஜின் பின்பக்க இணைப்புகள் ஆகியவற்றில் கசிந்தால் சொட்டு சூடான இரும்பின் மேலேயே விழுந்து ஆவியாகிவிடும், தரைக்கு வருவதே இல்லை. அது விட்டுப்போகும் தடத்தைத்தான் தேட வேண்டும். கூலண்ட் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ ஒரு பொருக்கு இருக்கும். டார்ச்சும் செல்போன் கேமராவும் இருந்தால் போதும், தலை நுழையாத இடத்துக்கும் கை நுழையும்.

ரேடியேட்டரிலிருந்து தொடங்குங்கள். இன்றைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத் தொட்டிகளும் பிளாஸ்டிக். இரண்டையும் ரப்பர் வளையம் வைத்து, அலுமினிய விளிம்பைப் பல் பல்லாக மடித்து இறுக்கியிருப்பார்கள். அந்த மடிப்பு வரிசையின் மேல் விரலை ஓட்டுங்கள். ஏதாவது ஓரிடத்தில் பொருக்கு நெருடினாலோ, அங்கே மட்டும் தூசி களிம்பாக ஒட்டியிருந்தாலோ கசிவு அங்கேதான். பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி, குழாய் சேரும் கழுத்தில் மயிரிழை போன்ற விரிசல் விடுவதும் வழக்கம்.

பிறகு மேல் குழாய், கீழ்க் குழாய். நுனிகளைப் பிசைந்து பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, ஊறிய தோல் போலத் தொளதொளத்தாலோ மாற்ற வேண்டிய காலம். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் கூடும் பல வண்டிகளில் பிளாஸ்டிக். அதன் சேர்மானத்தைச் சுற்றிப் பாருங்கள்.

வாட்டர் பம்ப் தனியாகச் சொல்ல வேண்டியது. பம்பின் உடலில், தண்டுக்கு நேர்க் கீழே, தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அது பழுதல்ல, வேண்டுமென்றே விட்ட வழி. உள்ளே சீல் தேய்ந்தால் பேரிங்குக்குள் கூலண்ட் புகாமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்துவிடும். துளைக்குக் கீழே லேசான நீர்த்தடம் பல வண்டிகளில் இருக்கும். அங்கிருந்து ஒரு நிறக்கோடு கீழிறங்கி, பெல்ட் அருகே புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தால் பம்ப் போய்க்கொண்டிருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். துளையை அடைத்துக் கசிவை நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அடுத்தது பேரிங் பிடித்துக்கொள்ளும். பம்ப்பை டைமிங் பெல்ட் ஓட்டும் வண்டியானால் இரண்டையும் ஒரே வேலையாக மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 3.5 லிட்டர் வி6 போன்ற சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப் உள்ளேயே, டைமிங் செயினால் சுழல்கிறது. அங்கே பம்ப் கசிந்தால் கூலண்ட் நேராக ஆயிலில் போய்ச் சேரலாம். அத்தகைய வண்டியில் கூலண்ட் குறையும்போது ஆயில் மட்டத்தையும் உடனே பாருங்கள்.

கடைசியாக வண்டிக்குள். முன்சீட்டுப் பயணியின் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்து, அது வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கினால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. நம் ஊரில் ஹீட்டரையே போடுவதில்லை என்றாலும், பல வண்டிகளில் கூலண்ட் அதன் வழியாகவே எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது: அழுத்தச் சோதனை

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா? இப்போது பட்டறைக்குப் போகலாம். போய்க் கேட்க வேண்டியது இது: “அண்ணே, எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடலாமா?” கையால் அடிக்கும் சிறு பம்ப், அதில் ஒரு மீட்டர், ஆறிய இன்ஜினில் மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல தொட்டியும் உடையும். ஏற்றிவிட்டுக் கால்மணி நேரம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் ஆறிய நிலையில் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்கோ கசிகிறது. இப்போது இன்ஜின் ஓடவில்லை, ஃபேன் காற்று இல்லை, சூடும் இல்லை, ஆகவே டார்ச் அடித்தால் சொட்டும் இடம் அகப்படும். அதே கருவியில் மூடியையும் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். குறித்த அழுத்தத்துக்கு முன்பே விட்டுவிட்டால் புது மூடி, அதே எண் உள்ளதாக. கூடுதல் எண் போட்ட மூடியை மாட்டினால் நல்லது என்று நினைப்பது தவறு. பழைய குழாய்கள் பிளக்கும்.

சில கசிவுகள் சூட்டில் மட்டுமே திறக்கும். அதற்குப் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலண்டில் கலந்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு விளக்கடித்துப் பார்ப்பார்கள். தடம் பளிச்சென்று தெரியும்.

வெளியே இல்லை என்றால் உள்ளே

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே சொட்டு இல்லை. அல்லது முள்ளும் நிற்கிறது, ஓட்டினால் மட்டும் கூலண்ட் குறைகிறது. இப்போதுதான் ஹெட் கேஸ்கட் என்ற பேச்சு வர வேண்டும். அப்போதும் டீசல் வண்டியில் அதற்கு முன்னால் நிற்கும் ஒருவர் இருக்கிறார்: ஈ.ஜி.ஆர். கூலர்.

புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, எரிந்து வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை ஆறவைத்துத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிறார்கள். ஆறவைக்கும் பெட்டிக்குள் ஒரு பக்கம் நெருப்பு வாயு, மறுபக்கம் கூலண்ட், நடுவில் மெல்லிய தகடு. அந்தத் தகடு விரிசல் விட்டால் கூலண்ட் வாயுவோடு கலந்து ஆவியாகிப் புகைக்குழாய் வழியாகப் போய்விடும். தரையில் சொட்டு இல்லை, ஆயிலும் கெடாது, கூலண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இதையே ஹெட் கேஸ்கட் என்று நினைத்து இன்ஜினைப் பிரித்துவிட்டு, எல்லாம் பூட்டிய பிறகும் கூலண்ட் குறைவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. சோதனை எளிது. கூலரின் வாயுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உலர்ந்த கரி இருப்பது இயல்பு. கரி ஈரக்களியாக இருந்தாலோ, ஒரு பகுதி மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தாலோ, கூலண்ட் பக்கம் அழுத்தம் ஏற்றி உறுதிசெய்துகொள்ளலாம். கூலரை மாற்றுவதுதான் தீர்வு. தள்ளிப்போடாதீர்கள், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியையும் இது கெடுத்துவிடும்.

ஹெட் கேஸ்கட்டுக்கு உரிய அறிகுறிகள் வேறு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பி ஓரிரு நிமிடங்களிலேயே, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, மேல் குழாய் கல் போல இறுகிவிடும். ஆறிய நிலையில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் (இதை முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும் பாருங்கள், பிறகு அணைத்துவிடுங்கள்). இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருக்கும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருப்பதைக் கண்டு பதறாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் படிந்து அப்படி ஆகும். டிப் ஸ்டிக்கில் உள்ளதே சாட்சி.

முடிவாகச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. நீல நிறத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குழலை ரேடியேட்டர் வாயில் வைத்து, அங்கிருந்து எழும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும். ஈ.ஜி.ஆர். கூலர் விரிசலிலும் வாயு கூலண்டுக்குள் வரக்கூடும் என்பதால், டீசல் வண்டியில் அதைத் தள்ளிவிட்ட பிறகே இந்த முடிவை ஏற்க வேண்டும். இவ்வளவும் செய்து ஹெட் கேஸ்கட்தான் என்று உறுதியானால், ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் மட்டம் பார்த்து, விரிசல் சோதனையும் செய்த பிறகே புது கேஸ்கட் போட வேண்டும். வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கட் போட்டால் சில மாதங்களில் அதே வேலை திரும்பவும் வரும். ஹெட் போல்ட்டுகளையும் கம்பெனி சொன்னபடி புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. கியர் ஆயிலை ஆறவைக்கும் குழல் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உடைந்தால் கூலண்டும் கியர் ஆயிலும் கலந்து இளஞ்சிவப்புக் கூழாகிவிடும். 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர் வண்டிகளில் இப்படிக் கலந்து கியர்பாக்ஸ்கள் வீணாயின. அமெரிக்காவில் அது வழக்காகி, ரேடியேட்டருக்கான வாரண்டி நீட்டிக்கப்பட்டது. டப்பாவில் அந்தக் கூழைக் கண்டால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள்.

சரிசெய்யும்போது

கிளிப் தளர்வுக்கு கிளிப், குழாய்க்குக் குழாய், மூடிக்கு மூடி. இதில் விளக்க எதுவும் இல்லை. ஒன்று மட்டும்: கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பை எறிந்துவிட்டுத் திருகு கிளிப் போடுவது பட்டறைகளின் வழக்கம். ஸ்பிரிங் கிளிப் ரப்பர் சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்குவதற்கேற்பத் தானே இறுகிக்கொள்ளும், திருகு கிளிப் அதைச் செய்யாது. நல்ல நிலையில் இருந்தால் பழைய ஸ்பிரிங் கிளிப்பையே போடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசலில் எம்சீல் வைப்பது, உள்ளே மஞ்சள்தூள் போடுவது, கடையில் விற்கும் கசிவடைப்பான் ஊற்றுவது எல்லாம் வீடு வந்து சேர்வதற்கான உபாயங்கள். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் செய்யலாம். அதோடு மாதக்கணக்கில் ஓட்டினால், துளையை அடைத்த அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் ஹீட்டர் கோரையும் அடைத்துவிடும். முன்பு கசிவு மட்டும் இருந்த வண்டிக்கு இப்போது சூடேறும் நோயும் சேரும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. “நம் ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு?” என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள். 82, 88 டிகிரி என்று அளவு குறித்த அந்த வால்வு இல்லையென்றால் இன்ஜின் வேலைச்சூட்டை எட்டாமலே ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், கரி சேரும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் அந்த வால்வுதான் பக்கவழியை மூடிக் கூலண்டை ரேடியேட்டருக்குத் திருப்புகிறது. எடுத்துவிட்டால் பாதிக் கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாது, மலையில் இன்னும் அதிகமாகச் சூடாகும். பழுதாகியிருந்தால் மாற்றுங்கள். எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது

நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக்கலவைகள் வருகின்றன. வண்டியோடு தந்த கையேட்டில் எந்த வகை என்று இருக்கும், அதையே வாங்குங்கள். ஒன்றோடொன்று சேராத வகைகள் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சிலவேளை கூழாகக் கட்டிக்கொள்ளும். கேனின் மேல் அப்படியே ஊற்றலாம் என்று எழுதியிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. செறிவானது என்றால் சரிபாதி கலக்க வேண்டும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிறோமே, அதுதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், கெட்டிலில் படிகிற அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

ஊற்றுவதைவிடக் காற்றை வெளியேற்றுவதே பெரிய வேலை. உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் நிறைந்த வண்டியும் சூடேறும். முன்சக்கரங்கள் சற்று உயர்ந்து நிற்கும்படி சரிவில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போட்டுப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நின்று திரவம் வரும் வரை மெதுவாக ஊற்றி, பிறகு திருகை மூடுங்கள். இன்ஜினைக் கிளப்பி மெதுவோட்டத்தில் விடுங்கள். மேல் குழாய் சில்லென்று இருந்து சட்டென்று சூடாகும் தருணத்தில் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. மட்டம் ஒருமுறை இறங்கும், ஊற்றி நிரப்பி மூடியைப் பூட்டுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் காற்று வெளியேறிவிட்டது. சில வண்டிகளுக்குக் கையேடு வேறு முறையைச் சொல்லும், அங்கே கையேட்டைப் பின்பற்றுங்கள்.

நடுவழியில் சூடேறினால்

முதலில் ஏ.சி.யின் குளிர்ச்சி திடீரென்று போகும். பல வண்டிகளில் சூடு மிஞ்சும்போது கம்ப்ரசரைக் கணினியே நிறுத்திவிடும். முள்ளுக்கு முந்திய எச்சரிக்கை அது. ஏ.சி.யை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திருப்பி ஓரம் கட்டுங்கள். ஆவி தெரிந்தாலோ, முள் சிவப்பில் இருந்தாலோ இன்ஜினை உடனே நிறுத்துங்கள். சூடேறிய முள் திடீரெனக் குளிர்ச்சிக்கு விழுந்தால் மகிழாதீர்கள்: சூடு காட்டும் சென்சாரைத் தொடும் அளவுக்கே உள்ளே கூலண்ட் இல்லை என்று அர்த்தம். ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறிய பிறகு, கையில் இருக்கும் குடிதண்ணீரையே ஊற்றிப் பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். பழுதைச் சரிசெய்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுக் கூலண்ட் நிரப்ப வேண்டும்.

சரிசெய்த வண்டியிலும் டப்பாவில் ஒட்டிய டேப்பை உடனே உரிக்காதீர்கள். புதிய மட்டத்தில் மாற்றி ஒட்டி, முதல் ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள். மிஞ்சிய காற்று வெளியேறுவதால் முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்கலாம். ஒருமுறை நிரப்புங்கள், அதன் பிறகு நிற்க வேண்டும். நின்றதா என்பதை ஒரு நீண்ட பயணமும் ஒரு மலை ஏற்றமும் போய்வந்த பிறகு முடிவுசெய்யுங்கள். வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாமல், கேனில் அடைத்து, மேலே பெயர் எழுதி, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.